தென்னையில் எலியா, வெள்ளை ஈயா? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

தோப்பில் காய்ப்பு இறங்கினால் பழி முதலில் வெள்ளை ஈ மேல்தான் விழுகிறது. ஓலை கறுத்துக் கிடப்பது சாலையிலிருந்தே தெரியும். எலி அப்படித் தெரிவதில்லை. இருட்டிய பிறகு வேலையை ஆரம்பித்து, விடிவதற்குள் முடித்துவிட்டுக் கொண்டைக்குள் படுத்துக்கொள்ளும். எலி தின்ற காய்க்கும் சேர்த்து ஓலைக்கு மருந்தடிக்கிற தோப்புகள் நிறைய இருக்கின்றன. மருந்துக்காசு போகும், எலி அப்படியே இருக்கும், வெள்ளை ஈயை அடக்கி வைத்திருந்த ஒட்டுண்ணிக் குளவி மட்டும் செத்துப்போகும்.

இரண்டுக்கும் வாய் வேறு. மரம் ஏறும் வீட்டெலிக்கு உளி மாதிரி வெட்டுப்பல் மேலே இரண்டு, கீழே இரண்டு. அது தின்றால் ஓட்டை விழும். சுருள் வெள்ளை ஈக்கு ஊசி மாதிரி உறிஞ்சுகுழல். அது தின்றால் ஓட்டை தெரியாது, பிசுபிசுப்புதான் மிஞ்சும். எலி நேராகக் காயை எடுக்கிறது. ஈ ஓலையின் சாற்றை எடுத்து, மரத்தை மெல்ல இளைக்க வைக்கிறது. நேற்று ராத்திரி குலையில் இருந்த ஐந்து மாதக் குரும்பை இன்று காலை பாத்தியில் கிடந்தால், அது வெள்ளை ஈயின் வேலையாக இருக்க வாய்ப்பில்லை.

மேலே பார்ப்பதற்கு முன் கீழே பாருங்கள்

ஏழு நாள் கணக்கு எடுக்காமல் எந்தச் செலவும் செய்யாதீர்கள். தோப்பின் ஓரம், நடு, வாய்க்கால் பக்கம், வீட்டுப் பக்கம் என்று சிதறலாக 20 மரம் தேர்ந்தெடுத்துத் தண்டில் சுண்ணாம்பால் எண் போடுங்கள். அந்த 20 மரத்தின் வட்டப்பாத்தியிலும் கிடக்கிற பழைய குரும்பை, மட்டை, பன்னாடை எல்லாவற்றையும் முதல் நாளே பெருக்கித் தள்ளிவிடுங்கள். பழசு கலந்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

மறுநாளிலிருந்து தினமும் விடிந்தவுடன் விழுந்ததைப் பொறுக்கி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: ஓட்டை உள்ளது ஒன்று; ஓட்டை இல்லை, ஆனால் காம்புத் தொப்பியைப் பிரித்தால் அடியில் தழும்பு இருப்பது இரண்டு; எந்த அடையாளமும் இல்லாதது மூன்று. குரும்பையின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை அளவா, கைப்பிடி அளவா, இளநீர் பருவமா என்பது போதும். ஏழு நாளில் எந்தக் குவியல் பெரிதோ, அங்கிருந்து கீழே உள்ள அறிகுறிகளுக்குப் போகலாம்.

அறிகுறி: விழுந்த காயில் ஓட்டை

காயைக் கையில் எடுத்து ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எலி பெரும்பாலும் காம்பை ஒட்டிய மேல்பாதியில்தான் கடிக்கும். குலையின் மேல் உட்கார்ந்துகொண்டு எட்டுகிற இடம் அதுதானே. விளிம்பைச் சாய்வெயிலில் திருப்பிப் பார்த்தால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டிரண்டாக ஓடும் மெல்லிய பள்ளங்கள் தெரியும். வெட்டுப்பல் ஜோடியின் தடம் அது. மட்டைத் துருவல் ஓட்டைக்குள்ளும் குலையிலும் சிதறியிருக்கும். கடித்த அன்று நார் வெள்ளையாக இருக்கும், பிறகு பழுப்பாகிவிடும். வெள்ளை விளிம்போடு ஒரு காய் கிடைத்தாலே, எலி இப்போதும் அந்தக் கொண்டையில் இருக்கிறது என்று அர்த்தம்.

எலிக்குப் பிடித்தது மூன்று முதல் ஆறு மாதக் காய். மட்டை மெத்தென்று இருக்கும், சிரட்டை இறுகியிருக்காது, உள்ளே தண்ணீரும் வழுக்கையும். முற்றிய காயை அபூர்வமாகத்தான் தொடும். ஆகவே எலித் தோப்பில் வெட்டுக்கு வரும் காய் குறைவாக இருக்கும், ஆனால் வந்த காய் நல்ல எடையோடு இருக்கும். கடுமையான வெள்ளை ஈ வருடக் கணக்கில் இருந்த தோப்பில் மரமே தளர்ந்து, எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இந்த வேறுபாட்டைக் காய் வியாபாரிகள் நம்மைவிட முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஓட்டை இருந்தாலே எலி என்றும் முடிவு கட்டக்கூடாது. அணில் பகலில் வேலை செய்யும், சத்தம் போடும். விழுந்த காய் காலையில் இல்லாமல் மத்தியானம் கிடைத்தால் அணிலைச் சந்தேகப்படுங்கள். மரங்கொத்தி போட்ட துளையில் கொத்துத் தடம்தான் இருக்கும், பல் வரி இருக்காது. மலையடிவாரத் தோப்புகளில் மலையணிலும் குரங்கும் உண்டு. இவற்றுக்கு விஷம் வைப்பது தவறு. மலையணில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால் சட்டச் சிக்கலும் வரும்.

இன்னொன்று: தோப்பில் வளை இருக்கிறது என்பதால் அந்த எலிதான் மரமேறுகிறது என்று நினைக்க வேண்டாம். வரப்பு ஓரம் மண்ணைக் குவித்து வளை தோண்டும் வரப்பெலிக்கு உடல் கனம், வால் குட்டை. நாற்றின் அடியைக் கடிப்பது அது. தென்னை ஏறும் எலி ஒல்லியானது, காது பெரிது, வால் தலையும் உடலும் சேர்ந்த நீளத்தைவிட நீளம். பாதி நேரம் அது தரைக்கே வருவதில்லை. பன்னாடைக்கும் மட்டைக்கும் நடுவில் நாரைக் கிழித்துக் கூடு கட்டிக் குட்டி போட்டுவிடும். வளைக்குள் புகை போட்டு அதைப் பிடிக்க முடியாது.

எலி என்று உறுதியானால்: கொண்டையில் வைக்கும் முறை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, புரோமோடையலோன் என்ற எலி விஷம் 0.005 சதவீதம் கலந்த மெழுகுக்கட்டி, மரத்துக்கு 10 கிராம், ஐந்து மரத்துக்கு ஒரு மரத்தின் கொண்டையில், 12 நாள் இடைவெளியில் இரண்டு முறை. ஏக்கருக்கு 70 மரம் என்றால் 14 மரத்தில் வைக்கிறீர்கள். ஒரு முறைக்கு 140 கிராம், இரண்டு முறைக்கும் சேர்த்து 280 கிராம்.

ஐந்துக்கு ஒன்று எப்படிப் போதும் என்று பலரும் கேட்பார்கள். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்ட வளர்ந்த தோப்பில் ஓலையோடு ஓலை உரசும். எலிக்கு அது தெரு மாதிரி. ஒரே இரவில் பல கொண்டைகளுக்குப் போய்வரும். எல்லா மரத்திலும் வைத்தால் ஏறுகூலிதான் கூடும்.

செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. வெட்டு நாளிலேயே முதல் சுற்றை வையுங்கள். ஏறுபவர் எப்படியும் மேலே போகிறார். காய்ந்த பாளை, தொங்கும் பன்னாடை, காய்ந்த மட்டை ஆகியவற்றை அப்போதே நீக்கச் சொல்லுங்கள். பச்சை மட்டையை வெட்டக்கூடாது.
2. கட்டியைக் கையுறை போட்டு எடுத்து, குலைக்கு அடுத்த மட்டையின் கக்கத்தில், உருண்டு விழாதபடி செருகி வையுங்கள். காற்றில் விழுந்த கட்டி தரையில் கிடந்தால் நாயும் கோழியும் தின்னும்.
3. வைத்த மரத்தில் ஒரு கோடு போடுங்கள். 12ஆம் நாள் அதே மரத்தில் இரண்டாவது கட்டி. அப்போது முதல் கட்டியில் எவ்வளவு கடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.
4. கீழே செத்து விழும் எலியைக் குழி தோண்டிப் புதையுங்கள். ஆந்தையோ நாயோ தின்றால் விஷம் அதற்கும் போகும்.

12ஆம் நாள் ஏறுவதற்குக் கூலி தனி என்பதால் அந்தச் சுற்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. இந்த விஷம் ரத்தம் உறையாமல் செய்து கொல்வது. சாக நாலைந்து நாளுக்கு மேல் ஆகும். முதல் சுற்றில் பெரிய எலிதான் முந்தித் தின்னும். ஒதுங்கி நின்றதும், கூட்டிலிருந்து புதிதாக வெளியே வரும் குட்டியும் இரண்டாவது சுற்றுக்குத்தான் மாட்டும். பெண் எலியின் சினைக்காலம் மூன்று வாரம்தான். பாதியில் விட்டால் இரண்டு வெட்டுக்குள் பழைய கணக்குக்கே வந்துவிடும்.

கொண்டையில் துத்தநாகப் பாஸ்பைடு என்ற எலி விஷத்தை வைக்க வேண்டாம். அதைக் கொஞ்சம் தின்று வயிறு கலங்கிப் பிழைத்த எலி, பிறகு அந்த வாசனையையே தொடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை வீட்டுப் பக்கமே வரக்கூடாது. தவறி உள்ளே போனால் கல்லீரலைக் கெடுத்து ஆளையே கொண்டுபோகும். புரோமோடையலோனை யாராவது தின்றுவிட்டால் அந்த விஷத்தின் அட்டைப்பெட்டியோடு மருத்துவமனைக்குப் போங்கள். வைட்டமின் கே1 அதற்கு மாற்று மருந்து.

தகரப் பட்டை எங்கே உதவும், எங்கே உதவாது

தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், 40 செ.மீ. அகலத் தகரத்தைத் தண்டைச் சுற்றிக் கட்டினால் எலியின் நகம் வழுக்கும். தனித்து நிற்கிற வீட்டுத் தென்னை, வரப்போரம் ஒற்றை வரிசை, ஓலை இன்னும் எட்டாத இளந்தோப்பு ஆகியவற்றில் இது விஷத்தைவிட நல்லது. அடர்ந்த தோப்பில் வீண் செலவு. கீழே அடைத்தாலும் மேலே ஓலை வழியாக வந்துவிடும்.

தண்டின் சுற்றளவை அளந்து 10 செ.மீ. கூடுதலாக வெட்டி, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, மேலும் கீழும் கம்பி போட்டு முறுக்குங்கள். ஆணி அடிக்காதீர்கள். தண்டில் காயம் பட்டால் அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். எலிக்குப் பயந்து மரத்தையே இழந்த கதையாகிவிடும். தென்னைத் தண்டு வேம்பு மாதிரி வருடா வருடம் பருப்பதில்லை, அதனால் கட்டை அவிழ்த்துத் தளர்த்த வேண்டிய அவசியம் இல்லை. தண்டு சமமாக இல்லாத இடத்தில் தகரத்துக்குப் பின்னால் சந்து இருக்கும், எலி அதற்குள் நுழைந்தே ஏறும். தேங்காய்நார்க் கயிற்றைத் திணித்து அடையுங்கள். மிளகுக்கொடி ஏற்றிய மரம், ஏறுவதற்குப் படி வெட்டிய மரம், சொட்டுநீர்க் குழாயைச் சாய்த்து வைத்த மரம், பட்டையைத் தாண்டித் தொங்கும் காய்ந்த மட்டை உள்ள மரம், இவற்றில் பட்டை இருந்தும் இல்லாததுதான்.

அறிகுறி: கட்டி வைத்தும் ஓட்டைக் காய் குறையவில்லை

முதல் வாரம் குறையாமல் இருப்பது சரிதான். கடிபட்ட காய் இரண்டொரு நாள் கழித்தும் விழும். இரண்டாம் சுற்று முடிந்து பத்து நாளாகியும் வெள்ளை விளிம்புள்ள காய் வந்தால் மட்டும் இதைப் பாருங்கள்.

முதல் கட்டி தொடப்படாமல் இருந்ததா? இடம் தப்பு, அல்லது கட்டி பழசு. எலி புதுப் பொருளைக் கண்டு சில நாள் ஒதுங்கும். அது நடமாடும் மட்டைக் கக்கத்தில் இருந்தால் பழகிவிடும், பன்னாடை ஓரத்தில் இருந்தால் பழகாது. கட்டி முழுவதும் காணோம், காயும் விழுகிறதா? எலி நிறைய இருக்கிறது. கடித்து முடித்த மரங்களில் மட்டும் மூன்றாவது சுற்று வையுங்கள். தோப்பின் ஒரு ஓரத்தில் மட்டும் தொடர்கிறதா? பக்கத்துத் தோப்பிலிருந்து வருகிறது. அந்தத் தோப்புக்காரரும் அதே வாரத்தில் வைத்தால்தான் நிற்கும், வேலி போட்டு நிறுத்த முடியாது.

அறிகுறி: ஓட்டை இல்லை, குரும்பை கொட்டுகிறது

எலுமிச்சை அளவுக்குள் அடையாளமே இல்லாமல் கொட்டினால், முதலில் பதற வேண்டாம். பெண்பூ எல்லாம் காயாவதில்லை. பாளை விரிந்த முதல் இரண்டு மாதத்தில் நிறைய உதிர்வது இயல்பு. கோடையில் தண்ணீர் நின்றாலும், போன வருடம் உரம் வைக்காமல் விட்டாலும் இன்னும் கூடும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருடத்துக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். யூரியாவை மட்டும் கூட்டிப் பொட்டாஷை மறப்பது கொங்குப் பக்கத்திலும் வழக்கமாகத்தான் இருக்கிறது.

அடையாளம் தேடக் காம்புத் தொப்பியை நகத்தால் பிரித்து எடுங்கள். அடியில் கதிர் வடிவத்தில் நீளமாகக் குழிந்த பழுப்புத் தழும்பும், சில நேரம் பிசினும் இருந்தால் தென்னை நாவாய்ப்பூச்சி. இதுவும் சாறு உறிஞ்சும் பூச்சிதான், ஆனால் ஓலையை விட்டுவிட்டு இளங்குரும்பையைக் குத்தும். குத்துப்பட்டதில் பல விழும், விழாதது உள்ளே ஒன்றும் இல்லாத ஒல்லித் தேங்காயாக நிற்கும். எலியோடும் வெள்ளை ஈயோடும் குழப்பப்படும் மூன்றாவது ஆள் இதுவே. ஐந்து மாதம் வரையான குலைகளில் வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒட்டுத்திரவம் 1 மில்லி, தண்ணீர் ஒரு லிட்டர் என்று கலந்து, குரும்பை நனையத் தெளியுங்கள். அன்று விரிந்த பாளையில் படக்கூடாது, தேனீ வரும் நேரம். முசுறு எறும்பு கூடு கட்டிய மரத்தில் இந்த மாதிரிப் பூச்சிகளுக்கு வேட்டை நடக்கும். ஏறுபவருக்கோ அதைக் கண்டால் ஆகாது. முடிந்தவரை பேசிப் பாருங்கள்.

தொப்பி விளிம்பிலிருந்து வெளிறிய முக்கோணம் ஒன்று இறங்கி, பிறகு பழுப்பாகி வெடித்துச் சொரசொரப்பானால் அது ஈரியோபைட் சிலந்தி. பூச்சியினமே அல்ல. 1998 வாக்கில் கேரளத்தின் எர்ணாகுளம் பக்கம் முதலில் கண்டறியப்பட்டு நம் தோப்புகளுக்கு வந்தது.

அறிகுறி: ஓலை கறுப்பாகி, கீழே பிசுபிசுக்கிறது

கறுப்பைத் துடைத்துப் பாருங்கள். ஈரத்துணியில் கரி மாதிரி வந்துவிட்டு அடியில் பச்சை தெரிந்தால் கரும்பூசணம். பூசணம் நோயல்ல, விளைவு. மேலே உள்ள ஓலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை ஈ சாற்றில் உள்ள சர்க்கரையை ஒழுகவிடுகிறது, அது கீழ் ஓலையின் மேல்பக்கத்தில் விழுகிறது, அதில் பூசணம் படர்கிறது. ஆகவே கறுத்த ஓலையில் பூச்சியைத் தேடாதீர்கள், அதற்கு மேலே உள்ள ஓலையைத் திருப்புங்கள். ஊடுபயிராக வாழையோ கோகோவோ இருந்தால் அதன் இலையும் கறுக்கும். தென்னை நிழலில் நிறுத்திய வண்டியின் கண்ணாடி காலையில் ஒட்டுகிறதா என்பது நல்ல சோதனை.

சுருள் வெள்ளை ஈ அடியில் விடும் கையெழுத்து தெளிவானது. முட்டைகளைக் கைவிரல் ரேகை மாதிரிச் சுருள் சுருளாக இட்டு, மேலே வெள்ளை மெழுகு தூவியிருக்கும். ஈ சுமார் 2.5 மி.மீ., மற்ற வெள்ளை ஈக்களைவிடப் பெரிது, சோம்பேறி. இறக்கையில் மங்கிய பழுப்புப் பட்டைகள் உண்டு. ஓலையைத் தட்டினால் மெல்லப் பறந்து மறுபடி உட்காரும். 2004இல் மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டிலிருந்து புதிய இனமாக விவரிக்கப்பட்டது, 2009இல் ஃப்ளோரிடாவில், 2016இல் பொள்ளாச்சிப் பக்கத் தென்னையில். நெட்டையைவிடக் குட்டை, கலப்பின மரங்களில் அதிகம். மழையில் அடங்கும், பிப்ரவரி தொடங்கிக் கோடையில் ஏறும்.

சுருள் இல்லாமல் சின்னச் சின்னப் பஞ்சுக் கூடு கட்டி, அதற்குள் ஒரு மி.மீ. அளவு ஈ உட்கார்ந்திருந்தால் அது கூடு கட்டும் வெள்ளை ஈ. தட்டினாலும் பறக்காமல் பஞ்சு நகர்ந்தால் மாவுப்பூச்சி. கீழே உள்ள தண்ணீர், வேப்பெண்ணெய் வைத்தியம் மூன்றுக்கும் பொதுவானது, ஒட்டுண்ணிக் கணக்கு மட்டும் சுருள் வெள்ளை ஈக்கு.

மருந்தை எடுப்பதற்கு முன் ஒரு லென்ஸ்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நாலைந்து மரத்தின் கீழ் ஓலையிலிருந்து பத்துக் கீற்று வெட்டி, அடிப்பக்கம் வெறுமையாக ஒட்டிக்கிடக்கும் கூட்டுப்புழுத் தோல்களைப் பாருங்கள். ஈ வெளியே வந்திருந்தால் முதுகில் ஆங்கில ‘T’ எழுத்து மாதிரிப் பிளவு இருக்கும். என்கார்சியா குவாடலூப்பே என்ற குட்டிக் குளவி உள்ளேயே தின்று வளர்ந்து வந்திருந்தால், வட்டமான சுத்தமான துளை இருக்கும். நூறு தோலை எண்ணுங்கள்.

வட்டத்துளை பாதிக்கு மேல் இருந்தால் தெளிப்பானை உள்ளே வையுங்கள். குளவி உங்களுக்காக இலவசமாக வேலை செய்கிறது. கால்பங்குக்கும் குறைவு என்றால், வட்டத்துளை நிறைந்த தோப்பிலிருந்து கீற்றுத் துண்டுகளைக் கொண்டுவந்து, பத்து மரத்துக்கு ஒன்று என்று கீழ் ஓலையில் குத்தி வையுங்கள். ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கும், வெள்ளை ஈயைத் தின்பதற்காக ஏக்கருக்கு 400 வீதம் விடவேண்டிய பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி முட்டைக்கும் கேட்டுப் பார்க்கலாம். பாதித்த ஓலையை வெட்டி எரிப்பது பெரிய தப்பு, குளவியையும் சேர்த்து எரிக்கிறீர்கள். வெட்டிய ஓலையை வண்டியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்புவது அதைவிடப் பெரிய தப்பு.

கூடவே செய்ய வேண்டியவை:

மஞ்சள் பொறி. 5 அடி நீளம், 1.5 அடி அகல மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி, 6 அடி உயரத்தில், ஏக்கருக்கு எட்டு. புழுதி படிந்தால் ஒட்டாது, துடைத்துத் திரும்பத் தடவுங்கள். குளவியும் இதில் மாட்டும். வட்டத்துளை கூடியதும் பொறியைக் கழற்றிவிடுங்கள்.

தண்ணீர். விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரைக் கீழிருந்து ஓலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாக அடித்தால் ஈயும் குஞ்சும் கழன்று விழும். எளிமையாக இருப்பதால் யாரும் நம்புவதில்லை.

வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி, ஒட்டுத்திரவம் 1 மில்லி. சாயங்காலம் அடியுங்கள், உச்சிவெயிலில் கீற்று கருகும். பூச்சியைத் தாக்கும் ஐசேரியா ஃபியூமோசோரோசியா என்ற பூஞ்சாணம் கிடைத்தால் லிட்டருக்கு 5 கிராம், அதுவும் சாயங்காலம், காற்றில் ஈரம் இருக்கும் நாளில்.

மைதா. இது பூச்சிக்கு அல்ல, கறுப்புக்கு. லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் எடுத்து, முதலில் கொஞ்சம் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிநீரில் ஊற்றிக் கிண்டிக் கஞ்சியாக்கி, ஆறவைத்து மீதித் தண்ணீர் சேர்த்துத் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு பத்தே நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். கறுத்த மேல்பக்கத்தில் வெயில் நாளில் தெளித்தால் காய்ந்து, சில நாளில் பூசணத்தோடு செதிலாக உரிந்து விழும். மேகமூட்டத்தில் தெளித்தால் கஞ்சி காயாமல் புளித்து அதுவே அழுக்காகும். ஈ குறைவதற்கு முன் மைதா அடித்தால் மூன்று வாரத்தில் மறுபடி கறுக்கும். பூசணத்தைத் தின்ன லையோக்ரைனஸ் என்ற வண்டும் ஒன்று தானாக வருகிறது. கறுத்த ஓலையில் மேய்கிற அந்தச் சிறுவண்டைப் பார்த்து மருந்தடிக்காதீர்கள்.

அறிகுறி: பூச்சிமருந்து அடித்தும் வெள்ளை ஈ திரும்ப வருகிறது

வரத்தான் செய்யும். பூச்சி ஓலையின் அடியில், மெழுகுக்குள், 40 அடி உயரத்தில் இருக்கிறது. மருந்து மேலிருந்து விழுகிறது. வெளியே சுற்றும் குளவிதான் முதலில் சாகும். ஒரு மாதத்தில் ஈக்கு அடுத்த தலைமுறை வந்துவிடும், குளவிக்கு மறுபடி கணக்குச் சேர நாளாகும். ஆகவே மருந்தடித்த தோப்பு இரண்டாவது மாதம் அடிக்காத தோப்பைவிட மோசமாகத் தெரிகிறது. அதைப் பார்த்து இன்னும் கடுமையான மருந்து வாங்குவதுதான் வழக்கமான அடுத்த தவறு. வேர்வழி மருந்து கட்டுவதும் வேண்டாம், இளநீர் வெட்டும் தோப்பில் அந்த எண்ணமே வரக்கூடாது.

நிறுத்துங்கள். தண்ணீரும் மஞ்சள் பொறியும் மட்டும் வைத்து, மாதம் ஒருமுறை நூறு தோல் எண்ணுங்கள். ஊடுபயிர், வேலியோரம் உள்ள வாழை, கொய்யா, கல்வாழை ஆகியவற்றின் இலையடியையும் திருப்பிப் பாருங்கள். அங்கே ஈயும் குளவியும் சேர்ந்தே தங்கும், அதனால் அவற்றையும் மருந்தில் குளிப்பாட்டாதீர்கள்.

அறிகுறி: ஓலை மஞ்சள், கீற்று வளைந்து தொங்குகிறது

இரண்டுமே இல்லை. கீற்று விறைப்பிழந்து விலா எலும்பு மாதிரி உள்நோக்கி வளைந்தால் கேரள வாடல் நோயைச் சந்தேகப்பட்டு வேளாண்மை அலுவலரைக் கூப்பிடுங்கள். விரிந்த ஓலை கத்தரியால் முக்கோணமாக நறுக்கியது போல் இருந்தால் காண்டாமிருக வண்டு. மேற்கொண்டு இந்தப் பக்கத்தில் உங்களுக்கு வேலையில்லை.

அறிகுறி: தென்னைக்குக் கீழே கோகோவும் கெடுகிறது

அதே இரண்டு வாய், வேறு காய். காம்பை ஒட்டிக் கடித்த ஓட்டை எலி. பழத்தின் நடுவில் ஓட்டை போட்டு உள்ளிருக்கும் சதையைத் தின்றிருந்தால் அணில். அணில் பழுத்ததைத்தான் தேடும். ஆகவே மஞ்சள் ஏறியவுடன் அறுத்துவிட்டாலே அதன் சேதத்தில் பெரும்பகுதி நிற்கும். எலி பிஞ்சையும் விடாது, தென்னைக் கொண்டையில் வைத்த கட்டி இங்கேயும் பலன் தரும்.

ஓட்டையே இல்லாமல், பிஞ்சில் தண்ணீர் கோத்த மாதிரிப் புள்ளிகள் தோன்றி, கறுத்து, காய் கோணலாக வளர்ந்தால் தேயிலைக் கொசு. பேர்தான் கொசு, உண்மையில் அதுவும் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. சுருள் வெள்ளை ஈ கோகோவைக் கறுப்பாக்குவதோ வெறும் மேல்பூச்சு. துடைத்தால் போய்விடும், தேயிலைக் கொசுவின் புள்ளி துடைத்தால் போகாது.

இரண்டும் ஒன்றாக இருந்தால்

எலியை முதலில் எடுங்கள். ஒரு காயின் நட்டம் அன்றே முழுசாகப் போய்விடுகிறது. ஈக்குச் சில வாரம் காத்திருக்கலாம். வெட்டு நாள் காலையில் கொண்டை சுத்தம், கட்டி. இறங்கும்போதே ஏறுபவர் கீழ் ஓலையில் பத்துக் கீற்று வெட்டிப் போடட்டும்; அவர் இரண்டாவது மரம் முடிப்பதற்குள் நீங்கள் லென்ஸில் நூறு தோல் எண்ணிவிடலாம். மறுநாள் தண்ணீர் அடிக்கக்கூடாது. மட்டைக் கக்கத்தில் வைத்த கட்டி தண்ணீர் வேகத்தில் கழன்று கீழே வரும். தண்ணீர் தெளிப்பை 12ஆம் நாள் சுற்றுக்கு முந்தைய சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். கழுவிவிட்ட கொண்டையில் மறுநாள் புதுக்கட்டி வைத்தால், அடுத்த வெட்டு வரை அங்கே யாரும் ஏற வேண்டியதில்லை.